சித்தப்பாவோட கதை வளந்துச்சு, கடுதாசி வளரல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு பதிப்புல முகமது அலி, ஜோ பக்னர் குத்துச்சண்டைய பத்தி ஒரு வாசகர் எழுதியிருந்தத படிச்சேன். நல்லாதான் எழுதியிருந்தாரு, ஆனா கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துல ராத்திரி லைட்டு வெளிச்சத்துல சண்டை நடந்துச்சுன்னு போட்டிருக்காரு பாருங்க, அது தப்பு. 1975 ஜூலை 1, செவ்வாக்கெழமை, காலையில நடந்த சண்டை அது. அமெரிக்காக்காரங்க ராத்திரி சாப்பிட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்து பாக்கணும்ல, அங்க அப்ப ஜூன் 30 ராத்திரி, அதுக்கு ஏத்த மாதிரி இங்க காலையிலயே அந்த புழுக்கத்துல ரெண்டு பேரையும் மேடையேத்திட்டாங்க. இத எனக்கு சொன்னது எங்க சித்தப்பா. அதாவது அப்ப எங்க அப்பாவுக்கு கடுதாசி எழுதுன 19 வயசு சித்தப்பா. இப்ப 70ஐ தொடப்போற சித்தப்பாவ கேட்டீங்கன்னா அவரும் ராத்திரின்னுதான் சொல்வாரு, அதனாலதான் இந்த லெட்டரையே எழுதறேன்.

நாங்க பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து ஆளுங்க. 2007ல இருந்து ஊரு பேரு பெஸ்தாரி ஜெயா, போர்டுல அப்படித்தான் இருக்கு, ஆனா பஸ்ல ஏறி டிக்கெட் கேக்கறப்ப எங்க வாயில பழைய பேருதான் வரும். அப்பா பால் வெட்டுனாரு, அம்மா பால் வெட்டுனாங்க, சித்தப்பாவும் ஸ்கூல் முடிச்சு கொஞ்ச நாள் வெட்டிட்டு, ரப்பர் விலை கீழ போயி கையில நிக்கற காசு கொறஞ்சதும், தெரிஞ்சவங்க யாரோ கோலாலம்பூர்ல ஸ்டேடியத்துல வேல இருக்குன்னு கூப்பிட்டாங்கன்னு பைய தூக்கிட்டு கெளம்பிட்டாரு. என்ன வேல தெரியுமா, நாற்காலி தூக்கற வேல. குத்துச்சண்டைக்கு நடுத்திடல்ல மேடை கட்டுனா சுத்தி ஆளுங்க உக்கார நாற்காலி வேணும்ல, அத எறக்கி, வரிசையா போட்டு, முடிஞ்சதும் அடுக்கி ஏத்தணும்.

நாங்க சின்ன வயசுல இருந்து கேட்ட கதை வேற. தீபாவளிக்கு தீபாவளி சித்தப்பா வந்து உக்காந்து, ஆட்டுக்கறியும் முறுக்கும் உள்ள போனதும், யாராச்சும் ஒரு சின்னப் பையன் "தாத்தா அலி கதை"ன்னு ஆரம்பிச்சு விட்டுடுவான். நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப கேட்டதுல அலி அவர பாத்து சிரிச்சாரு, அவ்வளவுதான். நான் கல்யாணம் பண்ணிக்கிட்ட சமயத்துல கை குடுத்துட்டாரு. எம் மகன் ஸ்கூலுக்கு போகறப்ப தோள்ல கை போட்டு நடந்தாரு. அப்புறம் அலியோட கோச் ஆஞ்சலோ டண்டி வந்து தண்ணி கேட்டாராம், இவருதான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தாராம். போன தீபாவளிக்கு இன்னொரு பெரிய குத்துச்சண்டைக்காரரு ஜோ ஃப்ரேசியரும் கதைக்குள்ள வந்துட்டாரு. எங்க வீட்டு மருமகப் பிள்ளைங்க எல்லாம் வெளிய போயி சிரிச்சுட்டு வருவாங்க. சித்தப்பா பொய் சொல்ற ஆளு கெடையாதுங்க, காசு விஷயத்துல ஒரு சென்னு மாறாது, ஆனா இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவருக்கு பிரேக்கு பிடிக்காது.

இந்த கடுதாசி எனக்கு கெடச்சது அப்பா போனதுக்கு அப்புறம். தோட்டம் செம்பனைக்கு மாறி, தோட்டத்து வரிசை வீடான லயத்து வீடுகள காலி பண்ணி நாங்க தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தப்ப, அப்பா ஒரு கோங் குவான் பிஸ்கட் டின்ன யாரையும் தொட விடாம மடியிலயே வச்சுக்கிட்டு லாரியில வந்தாரு. உள்ள ஏதோ நகை இருக்குன்னு நெனச்சோம். தொறந்து பாத்தா பொறப்பு சூரா (பிறப்புப் பத்திரம்), பழைய சம்பள சீட்டு, யூனியன் கார்டு, அதுக்கடியில சித்தப்பாவோட கடுதாசி. கவர்ல பட்டாம்பூச்சி படம் போட்ட ஸ்டாம்ப், அந்த காலத்துல எல்லா கடுதாசியிலயும் இருக்கும், பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ள ஸ்கூல் நோட்டுல கிழிச்ச கோடு போட்ட தாளு ரெண்டு பக்கமும் நெறைய எழுத்து. ஓரத்துல ஒரு பெருவெரல் அளவுக்கு பழுப்புக் கற. தொட்டுப் பாத்தா லேசா இழுக்குது. அப்பா இத காட்டுலயே, பால் பிடிக்கற மங்கு தொடைச்ச கையோட, மரத்தடியில நின்னு படிச்சிருக்காரு. ரப்பர் பால் காஞ்சா அப்படித்தான் கறுக்கும்.

கடுதாசி நடைய பாருங்க, தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லிக் குடுத்தத விடாம எழுதியிருக்காரு:

"அன்புள்ள அண்ணன் அண்ணிக்கு தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கு நலம். அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது. நேற்று செவ்வாய்க்கிழமை காலையில் சண்டை முடிந்தது. முந்தின ராவெல்லாம் நாற்காலி போட்டோம். இரும்பு நாற்காலி. கை காப்புக் காய்த்துவிட்டது. உளி பிடிக்கும்போதுகூட இப்படி இல்லை."

இதுல எங்கயாச்சும் அலட்டல் இருக்கா? நேத்து செவ்வாக்கெழமைங்கறது அவரு யாருக்கும் நிரூபிக்க எழுதல, சும்மா எழுதுனாரு. நான் பழைய காலண்டர கணக்கு போட்டு பாத்தேன், 1975 ஜூலை 1 செவ்வாக்கெழமையேதான். அடுத்தது (சித்தியவான் பையன்னா, கூட வேல செஞ்ச, பேராக் சித்தியவான் பக்கத்துப் பையன்):

"முகமது அலியை நான் இரண்டு தரம் பார்த்தேன். ஒரு தரம் நெகாரா ஸ்டேடியத்தில் பயிற்சி செய்யும்போது, மேலே கடைசி வரிசையில் இருந்து. கயிறு தாண்டினார். காலே தரையில் படவில்லை. இன்னொரு தரம் சண்டை அன்று நடந்து போனார். சுற்றி ஆட்கள். தலையும் தோளும்தான் தெரிந்தது. என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சித்தியவான் பையன் இல்லை என்கிறான். அவர் அவ்வளவு கறுப்பு இல்லை அண்ணே. நம்ம அப்பாவைவிட நிறம்தான்."

எனக்கு இந்த கடைசி வரிதான் உசிரு. 1974 அக்டோபர்ல ஆப்பிரிக்காவுக்கு போயி கின்ஷாசாவுல ஜார்ஜ் ஃபோர்மேன சாச்சுட்டு வந்த உலக சாம்பியன பாத்துட்டு, ஒரு தோட்டத்துப் பையன் அண்ணனுக்கு எழுதற முதல் சேதி நம்ம அப்பாவ விட கலருன்னு. எந்த நிருபரும் இத எழுதியிருக்க மாட்டாரு. அதோட, என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்னு எழுதியிருக்காரு பாருங்க, அங்கதான் எல்லாக் கதையும் மொளச்சிருக்கு, தோள்ல போட்ட கை, டண்டி கேட்ட தண்ணி, ஃப்ரேசியர் எல்லாமே அந்த நினைக்கிறேன்ல இருந்து வந்ததுதான்.

சண்டைய பத்தி எழுதறப்பவும் அப்படித்தான். "வெள்ளைக்காரன் அலியைவிடக் கொஞ்சம் உயரம். நல்ல உடம்பு. ஆனால் முகத்தை மூடிக்கொண்டே நிற்கிறான். அடிக்கவே மாட்டேன் என்கிறான். அஞ்சாவது ரவுண்டில் எங்களை கேட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மீதியெல்லாம் சத்தம்தான் கேட்டேன். பதினைந்து ரவுண்டும் போனதாம். அலிதான் ஜெயித்தார்." பக்னர் அலிய விட ஒரு இஞ்சு உயரம், இது ரெக்கார்டுல இருக்கு, ஆனா போஸ்டர பாத்து வளந்த நமக்கு அலிதான் பெருசா தெரிவாரு, நேர்ல நின்னவனுக்குத்தான் இது கண்ணுல படும். பதினஞ்சு ரவுண்டும் போயி புள்ளிக்கணக்குல அலி ஜெயிச்சது சரித்திரம். பக்னர் ரொம்ப தற்காப்பாவே ஆடுனாருன்னு இங்கிலாந்து பத்திரிகைங்க அவர கிழிச்சு தொங்கவிட்டதும் உண்மை. ஹங்கேரியில பொறந்து பிரிட்டனுக்கு ஆடி, அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கு போயி குடியேறினவரு அவரு, பாவம், உலகத்துல எங்க போனாலும் இந்த சண்டைய சொல்லித்தான் கேட்டிருப்பாங்க. எங்க சித்தப்பா அஞ்சு ரவுண்ட வச்சே அந்த தீர்ப்ப எழுதிட்டாரு.

இப்ப தீபாவளி கதையில பதினஞ்சு ரவுண்டும் மேடை ஓரத்துலயே நின்னு பாத்தாரு, வேர்வ தெறிச்சுச்சு, அதுவும் ராத்திரி. லைட்டு எப்படி வந்துச்சுன்னா, என் யூகம், அதே ஸ்டேடியத்துல அவரு பின்னாடி பாத்த ராத்திரி ஃபுட்பால் மேட்ச்சு எல்லாம் இதுல கலந்திருக்கும். ஞாபகத்துல அது நடக்கறதுதான். உங்க வாசகருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு நெனக்கிறேன், அவர நான் கொற சொல்லல.

ஃபுட்பால்னதும் ஞாபகம் வருது, கடுதாசியோட பின் பக்கத்த பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா பின் பக்கம் முழுக்க அலி இல்ல. அலிக்கு குடுத்தது முன் பக்கத்துல பாதிகூட இருக்காது. பின் பக்கம் பூரா கோல் கீப்பர் ஆறுமுகம். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகம்தான், நீட்ட கையி, ஸ்பைடர்மேன்னு பேரு, அந்த காலத்துல தோட்டத்துல கோல் நிக்கற ஒவ்வொரு பையனும் நாந்தான் ஆறுமுகம்னுவான். சண்டைக்கு ரெண்டு மூணு நாளு முந்தி, நாற்காலி லாரி வர லேட்டாகி, பசங்க எல்லாம் ஸ்டேடியத்துக்கு வெளிய ஒரு ஒட்டுக் கடையில தே குடிச்சுக்கிட்டு இருக்கறப்ப இவரு வந்து பக்கத்து மேசையில உக்காந்தாராம். சித்தப்பா எழுதறாரு:

"அண்ணே நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கை மேசைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகிறது. கிளாசை அவர் பிடித்தால் கிளாசே தெரியவில்லை. நாங்கள் எட்டுப் பேர். ஒருத்தனுக்கும் வாய் திறக்கவில்லை. நான்தான் பேசுவேன் என்று சொன்ன சித்தியவான் பையன் தேத்தண்ணியை சட்டையில் ஊற்றிக்கொண்டான். அவர் எங்களைப் பார்த்து தலையை ஆட்டினார். நான் மறுபடி தலையை ஆட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் தொந்தரவு செய்யாதே என்று சொன்னார்கள், நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை."

இந்த ஆறுமுகம் சேதிய சித்தப்பா தீபாவளியில ஒரு தடவகூட சொன்னது இல்ல. எனக்கு அதுதான் ஆச்சரியம். அலி உலகத்துக்கே தெரிஞ்ச ஆளு, அந்த கதைய சொன்னா பேரப்பிள்ளைங்க வாய பொளந்துட்டு கேப்பாங்க, ஆறுமுகம்னா யாருன்னு கேப்பாங்க. ஆனா 19 வயசுல அவருக்கு யாரு பெரிய ஆளுன்னு அந்த பின் பக்கத்த பாத்தாலே தெரியுது. நம்ம பேரு வச்சு, நம்ம மாதிரியே இருந்துக்கிட்டு, அதே மெர்டேக்கா ஸ்டேடியத்துல கோல் முன்னாடி நின்ன மனுஷன். 1980 ஏப்ரல்ல தென் கொரியாவ 2-1ன்னு ஜெயிச்சு மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு தகுதி வாங்குச்சு, அதுவும் மெர்டேக்கா ஸ்டேடியத்துலதான், அப்புறம் அரசாங்கம் போக வேணாம்னு புறக்கணிச்சுட்டாங்க, அந்த தலைமுறைக்கே அது ஆறாத புண்ணு. 1988 டிசம்பர்ல கார் விபத்துல ஆறுமுகம் போய்ச் சேந்தப்ப எங்க லயத்துல சமைக்காத வீடு இருந்துச்சு, அத நானே பாத்திருக்கேன். அலி சண்டையோட 50 வருஷத்துக்கு எல்லாரும் பக்கம் பக்கமா போட்டீங்க, சந்தோஷம், ஆறுமுகத்துக்கும் ஒரு பக்கம் போடுங்கய்யா. பெரியவங்க நெறைய பேரு எழுதுவாங்க.

கடுதாசி முடியற எடத்துல பாருங்க, "சம்பளம் இன்னும் தரவில்லை. வெள்ளிக்கிழமை என்கிறார்கள். நேசன் பேப்பரில் அலி படம் வந்திருந்தால் வெட்டி வைக்கவும். என் சைக்கிளை யாரும் எடுக்க வேண்டாம், செயின் புதுசு." அந்த சம்பளம் வந்துச்சா வரலையான்னு கடுதாசியில இல்ல, சித்தப்பாவ கேட்டா மட்டும் இன்னைக்கும் காண்ட்ராக்டர திட்டறாரு, அதுல எந்த மாத்தமும் இல்ல. அப்பா படத்த வெட்டி வச்சிருப்பாரு போல, டின்னுக்குள்ள ஒரு பேப்பர் துண்டு இருந்துச்சு, ஆனா கரையான் தின்னு ஓரம்தான் மிச்சம். 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் 2019ல மூடியாச்சு, இனி அந்த படத்த எங்க போயி தேடறது.

இதுலதான் எனக்கு மனசு கெடக்கறது. எங்க தோட்டத்துல இருந்து வெளியானப்ப எத்தன குடும்பம் டிரங்குப் பெட்டிய அப்படியே தீயில கொட்டிட்டு வந்துச்சு தெரியுமா, தாமான் வீடு சின்னது, வைக்க எடம் இல்ல, படிக்கவும் ஆளு இல்ல, பிள்ளைங்க தமிழ்ல எழுதுன கூட்டெழுத்த படிக்க மாட்டேங்குதுங்க. எங்க வீட்டுலயும் அப்பா மட்டும் அந்த டின்ன மடியில வச்சிருக்கலைன்னா இதுவும் அதோட போயிருக்கும். தோட்டத்து ஆளுங்களுக்கு சரித்திரம்னா துரை எழுதி வச்ச கணக்கும் சஞ்சிக்கூலி ஒப்பந்தமும்தான்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதறாங்க, இந்த மாதிரி, கை காப்புக் காய்ச்ச கடுதாசி எத்தன வீட்டு பிஸ்கட் டின்ல இருக்கும்னு யாரும் வந்து கேக்கறது இல்ல. நீங்க கேட்டா குடுப்பாங்க. ஒண்ணும் பெருசா வேணாம், வாசகர் பக்கத்துல மாசத்துக்கு ஒரு பழைய கடுதாசி, போன்ல படம் பிடிச்சு அனுப்பச் சொல்லி போடுங்க, ஒரிஜினல அனுப்ப வேணாம்னு கண்டிப்பா போடுங்க, தபால்ல தொலைஞ்சா வயிறு எரியும்.

சித்தப்பாவுக்கு இத படிச்சு காட்டுனோம். ரவாங்குல மகன் வீட்டுல இருக்காரு, கண்ணு சரியா தெரியல, அதனால நான் சத்தமா படிச்சேன், பேரப்பிள்ளைங்க எல்லாம் சுத்தி உக்காந்துக்கிட்டு எப்ப மாட்டுவாருன்னு காத்திருந்தாங்க. அஞ்சாவது ரவுண்டு வந்ததும் ஒருத்தன் சிரிச்சுட்டான். சித்தப்பா கொஞ்சம் நேரம் பேசல. அப்புறம், "அண்ணன்கிட்ட எல்லாத்தையும் எழுத முடியுமா பாப்பா, தாளு பத்தல"ன்னாரு. பாருங்க மனுஷன! தாளு பத்தலையாம், சைக்கிள் செயினுக்கு எடம் இருந்துச்சு. ஆனா ஆறுமுகம் பக்கம் வந்ததும் அவரே நிறுத்தி, திரும்ப படி, திரும்ப படின்னு கேட்டாரு, கிளாசு விஷயத்துல மட்டும் என்ன திருத்தினாரு, அது கிளாசு இல்லையாம், தகர மக்காம், கடுதாசியிலதான் தப்பா எழுதிட்டாராம். இதுல யார நம்பறதுன்னு எனக்கே தெரியல, கடுதாசி பக்கமே நிக்கறேன்.

கடைசியா ஒரு விண்ணப்பம், இதுக்காகத்தான் உங்க பேப்பர்ல போடச் சொல்லி கேக்கறேன். அந்த ஒட்டுக் கடையில சித்தியவான் பையன் யாருகிட்டயோ இரவல் வாங்குன கேமராவுல ஒரு படம் எடுத்ததா கடுதாசியில இருக்கு. அவன் எடுக்க, மத்த ஏழு பேரும் ஆறுமுகம் உக்காந்திருந்த மேசைக்கு பின்னாடி போயி நின்னிருக்காங்க, அவரும் ஒண்ணும் சொல்லல போல. கழுவுனதும் ஒரு காப்பி தரேன்னு சொன்ன ஆளு அந்த வாரமே ஊருக்கு போயிட்டாரு, அதுக்கப்புறம் பாக்கல, பேரும் சித்தப்பாவுக்கு மறந்து போச்சு, சித்தியவான் பக்கம் ஒரு தோட்டம்னு மட்டும் சொல்றாரு. அவருக்கும் இப்ப 70 வயசு கிட்ட இருக்கும். அவரோ, அவரு பிள்ளைங்களோ இத படிச்சா, வீட்டுல பழைய ஆல்பத்த கொஞ்சம் பொரட்டி பாருங்க. கறுப்பு வெள்ளை படம், நடுவுல ஆறுமுகம் உக்காந்திருப்பாரு, பின்னாடி நிக்கறவங்கள்ல இடது கை ஓரத்துல ஒல்லியா ஒரு பையன், கண்ணு மூடிட்டேன்னு நினைக்கிறேன்னு அவரே எழுதியிருக்காரு. என் போன் நம்பர உங்க ஆபீஸ்ல குடுத்து வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்